வேரும் வில்லையும்

“தாயே! உன்னை நோய் தீண்டவில்லை. மேட்டுக் காட்டிலே நின்ற ஒன்று உன் பின்னோடு இறங்கி வந்திருக்கிறது!” உடுக்கையை நிறுத்திவிட்டுச் சொல்லுகிறான் கோடாங்கி.

“அதெல்லாம் ஒன்றுமில்லை, அம்மா. பித்தம் தலைக்கு ஏறியிருக்கிறது. இந்தச் சூரணத்தை ஒரு மண்டலம் பாலிலே கலந்து குடி. பச்சிலைதானே, கெடுதல் செய்யாது!” நாட்டு மருந்துக் கடைக்காரரின் வாக்கு இது.

“ராத்திரிக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், அக்கா, தூக்கம் தானாக வரும்.” பெயர் எழுதாத தாள் உறையிலே நான்கு வில்லைகளை இட்டுக் கொடுக்கிறான் மருந்துக்கடைப் பையன்.

மூவரிடமும் மாறி மாறிச் சென்று வருகிறாள் ஒரு பெண். போடிநாயக்கனூர்ப் பெண். விடியுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கை இடுக்கிக்கொண்டு, ஜீப்பிலே நெருக்கியடித்து அமர்ந்து, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைக் கடந்து, ஏலத்தோட்டத்திலே குனிந்த முதுகு நிமிராமல் காய் எடுத்து, இருட்டும் வேளையில் வீடு திரும்புபவள். உலகச் சந்தையிலே மணக்கும் ஏலக்காய் அவள் விரல் நுனியிலிருந்து புறப்படுகிறது. அவளுக்கோ சில திங்களாகத் தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது. காரணமின்றிக் கண் கலங்குகிறது. பிள்ளை அழுதால் எடுக்கத் தோன்றவில்லை. “மனசு சரியில்லை” என்கிறாள். வேறு பெயர் அவளுக்குத் தெரியாது. மருத்துவம் அதனை மனச்சோர்வு என்றும், பதற்றநோய் என்றும் அழைக்கிறது. பேயின் பெயர்ப்பட்டியலிலே அதற்கு இடமில்லை.

கோடாங்கியைப் பற்றி இவ்விதழைப் படிப்போருக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. மற்ற இருவரைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம். ஏனெனில், பேயை விட்டொழித்த நண்பர்கள்கூட இங்கே இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். “நம் முன்னோரின் மூலிகை இருக்க, வெள்ளையன் வில்லை எதற்கு?” என்பது ஒரு கட்சி. “வேரும் தழையும் காட்டுமிராண்டி வைத்தியம், வில்லையே விஞ்ஞானம்!” என்பது மறு கட்சி. இரண்டும் தவறு என்பது நம் கருத்து. ஒரு வேரின் வரலாறே அதற்குச் சான்று.

அதற்கு முன், போடி மலைக்கு ஒரு வார்த்தை. வேர் வில்லையாவதை இம்மலைகள் முன்பே கண்டவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், போடிக்கு மேற்கே மூணாற்றுப் பக்கத்து மலைகளைத் திருத்திய தோட்டக்காரர்கள் தேயிலையிலே நிலைகொள்ளுமுன் நட்டுப் பார்த்த பயிர்களில் சிங்கோனாவும் ஒன்று. அந்த மரப்பட்டையிலிருந்துதான் 1820-இல் பிரான்சு நாட்டுப் பெல்லெத்தியேயும் காவந்தூவும் கொயினாவைப் பிரித்தெடுத்தனர். மலைக்காய்ச்சலில் நடுங்கிய கூலிக்காரனுக்குக் கொயினா கொடுத்தபோது, “இது பட்டையா, வில்லையா? நாட்டதா, அயலதா?” என்று யாரும் வாதாடவில்லை. காய்ச்சல் இறங்கியது; அதுவே போதுமானதாக இருந்தது. உள்ளத்து நோய்க்கு மட்டும் ஏன் இந்த வழக்கு? காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. துயரத்தை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. அளக்க முடியாத இடத்திலேதான் அளப்பவர்கள் பெருகுகிறார்கள்!

பழந்தமிழ் மருத்துவர் இந்நோயை அறியாதவரல்லர். சித்த மருத்துவ நூல்கள் அதனைக் கிரிகை என்று பெயரிட்டு, பதினெட்டு வகையாகப் பகுத்துக் குறி குணங்களைச் சொல்லியுள்ளன. வகுத்ததெல்லாம் இன்று நிற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் நோய் என்று எழுதி, மருந்தும் சொன்னார்களே, அது பெரிது. அந்த ஏடு யாரிடம் இருந்தது? சிலரிடம். அவர் அதை யாருக்குச் சொன்னார்? மகனுக்கு மட்டும், சில வேளை மகனுக்கும் இல்லை. “சொன்னால் பலிக்காது” என்ற ஒரு வரியிலே எத்தனை அறிவு சுடுகாட்டுக்குப் போயிற்றோ! மறைத்த மருத்துவம் மக்களுக்கு எட்டவில்லை. மக்களுக்கு எட்டியதெல்லாம் வேப்பிலையும் தாயத்தும் சங்கிலியும்தாம்.

சங்கிலி என்று சொன்னது அணிக்காக அன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. கால்களிலே சங்கிலி. ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கரிந்தன. நாடு அதிர்ந்தது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த ஆண்டிலே நடந்தது இது!

அரசு கட்டிய விடுதிகளும் பூங்காக்களாக இருந்ததில்லை. சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவர் ஒரு பித்தர் இல்லம் தொடங்கினார். 1871-இல் அரசின் பெரிய விடுதி கீழ்ப்பாக்கத்தில் எழுந்தது. அங்கே நெடுங்காலம் மதில் இருந்தது, பூட்டு இருந்தது. நோய்க்கு மருந்து என்று சொல்லத்தக்கது மிகக் குறைவாகவே இருந்தது. மேல்நாட்டு மருத்துவம் அன்று மனநோயின் முன்னே கைகட்டி நின்றது என்பதே உண்மை.

அதே கீழ்ப்பாக்கத்தில் இன்னொரு கட்டடமும் எழுந்தது. அதன் கதை நம் நாட்டு அரசியலோடு பிணைந்தது. 1918-இல் சென்னை அரசு, டாக்டர் கோமன் என்பவரிடம், நாட்டு மருந்துகளை ஆராய்ந்து சொல்லுமாறு பணித்தது. அவர் சில மருந்துகள் பயனுள்ளவை என்று ஒப்பினார். அவற்றின் பின்னேயிருந்த கொள்கைகளைக் கடுமையாகச் சாடினார். வைத்தியர் சங்கங்கள் கொதித்தெழுந்து மறுப்பு நூல் வெளியிட்டன. 1921-இல், நீதிக்கட்சி ஆட்சியின்போது, முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. 1923-இல் அறிக்கை வந்தது. அதன் பயனாக, முதலமைச்சர் பனகல் அரசர் காலத்தில், 1924-25-இல், சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது.

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பள்ளி ஏட்டைப் பூசையறையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. எந்தக் குலத்தவனாயினும் அமர்ந்து படிக்கலாம் என்றாக்கியது. உடற்கூறும் உடலியலும் உடன் கற்பித்தது. மருத்துவம் ஒரு குடும்பத்தின் கமுக்கமாக இருப்பதை விட்டுப் பொதுச் சொத்தாக வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியிலே ஓடிற்று. ஆனால் கோமன் கேட்ட கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. கற்பிப்பது வேறு, சோதிப்பது வேறு அல்லவா?

இனி அந்த வேர்.

சர்ப்பகந்தா என்பது வடமொழிப் பெயர். மலையாள நாட்டார் அமல்பொரி என்பர். முழங்கால் உயரச் செடி; வெண்மையும் செம்மையும் கலந்த பூங்கொத்து; கறுத்த சிறு கனி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளிலும், இமயத்தின் அடிவாரத்திலும் தானே முளைப்பது. தாவர நூலார் அதற்கு ரௌவுல்ஃபியா என்று பெயர் சூட்டினர். அந்த ரௌவுல்ஃப் யார்? ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து மருத்துவர்; 16-ஆம் நூற்றாண்டினர்; இந்திய மண்ணை மிதித்ததே இல்லை! நம் செடிக்கு நம் மண்ணையே காணாதவர் பெயர். வேடிக்கைதான், ஆனால் அதற்காக அழுதுகொண்டிருக்க நமக்கு நேரமில்லை. அதைவிடப் பெரிய கேள்வி காத்திருக்கிறது.

பீகார்ச் சிற்றூர்களில் அந்த வேருக்குப் ‘பைத்தியத்தின் மருந்து’ என்றே பெயர் வழங்கியது. வெறிகொண்டு கத்துபவனுக்கு வேரை இடித்துக் கொடுப்பர். அவன் அடங்கித் தூங்குவான். எழுத்தறியாத மக்கள் கண்டறிந்த உண்மை இது. பேய் ஓட்டுபவன் உடுக்கை அடித்துக்கொண்டிருந்த அதே நாட்டில், அடுத்த தெருவிலே வேரை இடித்துக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. நாடு உடுக்கைக்குக் கொடுத்த செவியை உரலுக்குக் கொடுக்கவில்லை.

1931-இல் அது மாறியது. தில்லி திப்பியாக் கல்லூரியில், ஹக்கீம் அஜ்மல்கானின் ஊக்கத்தால் ஆய்வுப்பணிக்கு வந்த வேதியியலர் சலீமுஸ்ஸமான் சித்திகி, தம் தோழருடன் சேர்ந்து, அவ்வேரிலிருந்து பல சத்துகளைப் பிரித்தார். ஒன்றுக்குத் தம்மை ஆதரித்த பெரியவரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். அதே ஆண்டு கல்கத்தாவில், கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், பித்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இது மருந்தாகும் என்று மருத்துவ இதழில் எழுதினர். 1934-இல் ‘செர்பினா’ என்ற பெயரில் வேர் வில்லையாகவே கடைக்கு வந்தது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆண்டுக்கணக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, குறித்து, 1949-இல் பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளியிட்டார். அதன் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் வேரின் உயிர்ச்சத்தைத் தனியே எடுத்து ரெசர்பின் என்றனர். 1954-இல் நியூயார்க்கு மாநிலத்து மனநோய் மருத்துவமனை ஒன்றில் நேதன் கிளைன் அதன் பயனை அறிவித்தார். பீகார்க் கிழவியின் உரலிலிருந்து புறப்பட்ட வேர், அமெரிக்க மருத்துவமனையின் கதவைத் திறந்தது!

பெருமைதான். மார்தட்டுவோர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். “பார்த்தாயா? எல்லாம் நம்மிடமே இருந்தது!” என்று. நாம் நிறுத்தப் போவதில்லை. ஏனெனில் அடுத்த ஏட்டிலே இருப்பது பெருமை அன்று, எச்சரிக்கை.

இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பினை மிகுந்த அளவில் நெடுநாள் உண்டவர்களிற் சிலர் சோர்ந்தனர். சிரிப்பு மறந்தனர். ஆழ்ந்த துயரத்தில் வீழ்ந்தனர். 1954-லேயே அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஃப்ரைஸ் இதை எழுதினார். மறு ஆண்டே லண்டனிலே டேவிசும் ஷெப்பர்டும், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்பினையும், மருந்தற்ற வெறும் வில்லையையும் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்டு, மருந்து உண்டவர்களே நலமடைந்தனர் என்றனர். ஆற்றியதும் அதுவே, அழவைத்ததும் அதுவேயா? அண்மையில் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள், “ரெசர்பின் துயரத்தை உண்டாக்கும்” என்ற பழைய முடிவு அவ்வளவு உறுதியானதன்று என்கின்றனர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ‘பச்சிலைதானே, கெடுதல் செய்யாது’ என்ற சொல் மட்டும் அன்றே செத்தது. வேருக்கு வலிமை உண்டென்றால், கெடுக்கும் வலிமையும் அதனுள்ளே இருக்கும். வலிமையே இல்லையென்றால் கெடுதலும் இல்லை, பயனும் இல்லை!

அந்தக் கெடுதலிலிருந்தும் அறிவு பிறந்தது என்பதுதான் விந்தை. 1955-இல் பெர்னார்டு பிராடியின் ஆய்வுக்கூடம், ரெசர்பின் கொடுத்தால் மூளையிலே செரோட்டோனின் என்னும் பொருள் வற்றிவிடுகிறது என்று காட்டியது. 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளை ஊட்டினார். முயல்கள் எழுந்து நடமாடின! நடுக்குவாதத்துக்கு மருந்து கிடைக்க அது வழி வகுத்தது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. உள்ளத்தின் துயரத்துக்கும் மூளையின் வேதிப்பொருளுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் வலுப்பெற்றதிலே சர்ப்பகந்தாவின் பங்கு பெரிது. அத்தொடர்பு முதலில் நினைத்தது போல அத்தனை எளிதன்று என்பதையும் பின்வந்த ஆய்வாளர் சொல்லிவிட்டனர்.

வில்லைக் கட்சியாரே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வில்லை வானத்திலிருந்து இறங்கியதோ? 1952-இல் நியூயார்க்கின் காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியாசிட் உண்டவர்கள் காசத்தை மறந்து கூடத்திலே மகிழ்ந்து ஆடினார்கள். அதைக் கண்ட பிறகே, ‘இது சோர்வுக்கு ஆகுமோ?’ என்று யோசித்தார்கள். சில ஆண்டுகளில் அது ஈரலைக் கெடுப்பது தெரிந்து அமெரிக்காவில் கைவிடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரோலண்டு கூன், வேறொரு மனநோய்க்கென்று கொடுத்துப் பார்த்த இமிப்ரமின், அந்நோயை விட்டுச் சோர்வைத் தீர்த்தது, 1957-இல் அறிவித்தார். கிழவி தற்செயலாகக் கண்டாள். மருத்துவரும் தற்செயலாகவே கண்டார். வேறுபாடு எங்கே? மருத்துவர் எழுதி வைத்தார். பிறர் சோதிக்க இடம் கொடுத்தார். தவறென்று தெரிந்தால் கைவிட்டார்கள். அவ்வளவே.

அந்தச் சோதனையும் எப்போதும் விரைந்து நடந்ததில்லை. 1960-இல் லிப்ரியம், 1963-இல் வாலியம். பதற்றத்தை ஒரு மணி நேரத்தில் ஆற்றும் வில்லைகள் என்று புகழ் பரவியது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிகுதியாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து வாலியம். அது விடாப்பிடியான பழக்கமாகிறது, திடீரென நிறுத்தினால் உடலை உலுக்குகிறது என்பது ஊரறிய ஆண்டுகள் பல ஆயின. போடியிலே தாள் உறையிலிட்டுக் கொடுக்கப்படும் நான்கு வில்லைகள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சோர்வைத் தீர்க்கும் மருந்து வேறு. தூங்கவைக்கும் மருந்து வேறு. தூக்கம் வந்தால் துயரம் போயிற்று என்று எண்ணுவது, புண்ணை மறைத்துத் துணி கட்டுவது போன்றது.

மூலிகை அனைத்தும் வீணா? இல்லை. ஐரோப்பியர் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று அழைக்கும் மஞ்சட்பூச் செடியின் உறவுச்செடி ஒன்று நம் மேற்கு மலைகளின் உச்சிப் புல்வெளிகளிலும் பூக்கிறது. அந்த ஐரோப்பியச் செடியைப் பற்றிய 29 சோதனைகளை, 5,489 நோயாளிகளின் விவரங்களை, 2008-இல் ஒருங்கே எடைபோட்டனர். கடுமையல்லாத சோர்வுக்கு அது பயன்படுகிறது என்றே முடிவு வந்தது. தீங்கும் குறைவு என்றனர். நன்று! ஆனால் 2000-இல் சூரிச்சில், மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவர், ‘பச்சிலைதானே’ என்று அதை உண்டனர். அது அவர்கள் உயிர்காத்த மருந்தின் அளவை இரத்தத்திலே குறைத்துவிட்டது. உடல் புதிய இதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கியது. ஒரு மூலிகை இன்னொரு மருந்தோடு சண்டையிடும் என்பதைச் சூரணப் பொட்டலம் சொல்வதில்லை.

நம் அமுக்கராவுக்குத் தாவர நூலார் இட்ட பெயரிலேயே ‘தூக்கம் தருவது’ என்ற பொருள் இருக்கிறது. பதற்றத்தைக் குறைக்கிறது என்று சிறு சோதனைகள் சில சொல்கின்றன. ஈரலைத் தாக்கியதாகவும் செய்திகள் உள்ளன. டென்மார்க்கு நாடு 2023-இல் தடை விதித்தது. பிரம்மி என்று கேட்டாலோ, ஒரு கடையிலே வல்லாரையும் மறு கடையிலே நீர்ப்பிரம்மியும் கிடைக்கும். இரண்டும் வெவ்வேறு செடிகள்! எந்த இலை, எந்த அளவு, எவ்வளவு நாள், எதோடு கூடாது என்ற நான்கு கேள்விக்கும் விடை தரும் மூலிகை எதுவாயினும் அதை நாம் வரவேற்போம். விடை தராத வில்லையையும் வாசலிலே நிறுத்துவோம்.

மூலிகை பேசுவோர் மறக்கும் மக்களும் உண்டு. அகத்தியர் மலைக் காணி மக்கள் களைப்பு நீங்க உண்ட ஆரோக்கியப்பச்சையை 1987-இல் ஆய்வாளர் அறிந்தனர். 1995-இல் அதன் மருந்தைச் செய்யும் உரிமை விற்கப்பட்டபோது, வருவாயிற் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. சர்ப்பகந்தாவைக் காட்டிக்கொடுத்த சிற்றூராருக்கு அப்படி ஒரு பாதி கிடைக்கவில்லை. காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, இன்று அந்தச் செடியே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறி நிற்கிறது. போடிச் சரிவுகளில் வாழும் முதுவரும் பளியரும் அறிந்த பச்சிலைகள் எத்தனையோ. அவற்றைக் கேட்டு எழுதுவோர் அவர்கள் பெயரையும் பங்கையும் சேர்த்து எழுதட்டும்.

நம் ஏலத்தோட்டப் பெண் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. 2017-இல் வந்த மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று ஐயமறச் சொல்லியது. மருத்துவம் பெறுவதை அவளுடைய உரிமையாக்கியது. 2022 அக்டோபரில் 14416 என்ற தொலைபேசி உதவி தொடங்கியது. தேனியை அடுத்த க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மருந்துக்குக் காசில்லை. இவையெல்லாம் உண்மை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். போடியிலிருந்து தேனிக்கு ஒரு பேருந்து, தேனியிலிருந்து க.விலக்குக்கு இன்னொன்று. சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. ஒரு நாள் கூலி போயிற்று. தந்த வில்லையோ முதல் நாளே வேலை செய்வதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள், “ஒன்றும் கேட்கவில்லையே” என்று மாமியார் சொல்லுவாள். மறு சீட்டு வாங்கச் செல்ல வேண்டிய நாளில் மலையிலே காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும், கங்காணி பெயரை அடித்துவிடுவான், ஜீப் காத்திருக்காது. கோடாங்கியோ, அந்தி சாய்ந்த பிறகு, அவள் வீட்டு வாசலுக்கே வந்து உடுக்கை அடிக்கிறான்.